இயற்பியலில் ‘நிகழ்வு’ என்றால் என்ன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றிய பாடம் எதைத் திறந்தாலும் முதல் சில பக்கங்களிலேயே ‘நிகழ்வு’ என்ற சொல் வந்துவிடும். ஒரு வரியில் வரையறை, உடனே அடுத்த விஷயம். பின்னால் வரும் குழப்பங்களில் பாதி, அந்த ஒரு வரியில் கொஞ்சம் நிற்காமல் போனதால் வருபவை என்பது என் எண்ணம். ஆகவே இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். காலத்தையும் வெளியையும் சேர்த்துச் சொல்ல ‘காலவெளி’ என்றும், அளப்பவர் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் அளவுகோல்–கடிகார ஏற்பாட்டைச் சொல்ல ‘குறிப்பாயம்’ என்றும் எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், நிகழ்வு என்பது என்ன?

காலவெளியில் ஒரு புள்ளி. ‘எங்கே’ என்பதற்கு மூன்று எண்கள், ‘எப்போது’ என்பதற்கு ஓர் எண், ஆக நான்கு எண்களால் சுட்டிக்காட்டக்கூடிய ஒன்று. அதற்கு நீள அகலமும் இல்லை, நீடிக்கும் நேரமும் இல்லை.

ஒரு கால்பந்து ஆட்டத்தை நிகழ்வு என்று சொல்கிறோமே?

அன்றாடப் பேச்சில் சொல்லலாம். இயற்பியல் கணக்கில் அது நிகழ்வு அல்ல. தொண்ணூறு நிமிடம் ஓடுகிற, ஒரு மைதானம் முழுக்கப் பரவுகிற ஆட்டத்துக்குள் எண்ணிலடங்கா நிகழ்வுகள் இருக்கின்றன. ஒருவர் காலில் பந்து பட்ட கணம், பட்ட இடம் என்று சொன்னால் கொஞ்சம் கிட்டே வருகிறோம். அதுவும் முழுக்கச் சரியில்லை. பந்து காலோடு ஒட்டியிருக்கும் நேரம் சில மில்லிநொடிகள். ஒரு மில்லிநொடியில் ஒளி 300 கிலோமீட்டர் போய்விடும். ஒளியின் கணக்கில் அந்த ஒரு உதையே நீண்ட நேரம் நடக்கிற காரியம்.

வடிவியலில் புள்ளிக்கு அளவே கிடையாது என்று சொல்லிவிட்டு, பலகையில் சாக்பீஸால் தடியாக ஒரு புள்ளி வைப்பார்களே, அது மாதிரிதான் இதுவும். எந்த அளவில் பேசுகிறோமோ அந்த அளவுக்குச் சின்னதாக இருந்தால் போதும். கோள்களின் கணக்கைப் போடுகிறவருக்கு ஒரு விண்கல் மோதியது ஒரே நிகழ்வு. மோதிய இடத்தில் பாறை எப்படி உடைந்தது என்று ஆராய்கிறவருக்கு அதுவே கோடிக்கணக்கான நிகழ்வுகள்.

தமிழில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு சுவாரசியம் உண்டு. நம் பழைய இலக்கணத்தில் மூன்று காலங்களுக்குப் பெயர் இறப்பு, நிகழ்வு, எதிர்வு. அதாவது அங்கே ‘நிகழ்வு’ என்றால் நிகழ்காலம். இயற்பியலின் நிகழ்வோ எந்தக் காலத்தையும் சாராதது. நேற்று நடந்ததும் நிகழ்வு, ஆயிரம் ஆண்டு கழித்து நடக்கப்போவதும் நிகழ்வு. சொல் ஒன்றுதான், பொருள் இவ்வளவு நகர்ந்திருக்கிறது.

அந்தப் புள்ளியில் எதுவுமே நடக்காவிட்டால்?

அப்போதும் நிகழ்வுதான். ஆளில்லாத வெற்றிடத்தில், ஒளிகூடப் போகாத ஓரிடத்தில், ஒரு கணத்தைக் குறித்தாலும் அது ஒரு நிகழ்வு. பெயர் கொஞ்சம் ஏமாற்றுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் இந்த விடையில் ஒரு நெருடல் இருக்கிறது. அது ஐன்ஸ்டைனையே அலைக்கழித்தது. ஒன்றுமே இல்லாத இரண்டு புள்ளிகளில் எது எது என்று எதை வைத்துப் பிரித்துச் சொல்வது? 1913 முதல் 1915 வரை, ஈர்ப்பை விளக்கும் பொதுச் சார்பியலுக்கான சமன்பாடுகளைத் தேடிக்கொண்டிருந்தபோது இந்தக் கேள்வி அவரைத் தவறான பாதையில் இழுத்துச் சென்றது. கடைசியில் அவர் வந்து சேர்ந்த இடம், நாம் உண்மையில் கண்டறிவதெல்லாம் சந்திப்புகளைத்தான் என்பது. ஒரு துகள் இன்னொன்றோடு மோதுவது, கடிகார முள் ஒரு கோட்டின்மேல் வந்து நிற்பது, ஒளிக்கதிர் ஒரு திரையில் விழுவது, எல்லாமே சந்திப்புகள். 1916-இல் வெளியான கட்டுரையில் இதை அவர் தெளிவாகவே எழுதினார்.

இப்படிப் பேச ஆரம்பித்தது யார்?

ஐன்ஸ்டைனின் 1905 கட்டுரையிலேயே இதன் வித்து இருக்கிறது. ‘ரயில் 7 மணிக்கு இங்கே வருகிறது’ என்றால் என்ன பொருள் என்று அதில் ஒரு விளக்கம் வரும். என் கடிகாரத்தின் சின்ன முள் 7-ஐத் தொடுவதும் ரயில் வந்து சேர்வதும் ஒரே நேரத்து நிகழ்வுகள், அவ்வளவுதான் பொருள் என்கிறார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல இருக்கும். ஆனால் கடிகாரம் இங்கேயும் ரயில் தொலைவிலும் இருந்தால் இந்த விளக்கம் போதாது என்று அடுத்ததாகக் காட்டுவார். புரட்சி அங்கேதான் தொடங்குகிறது.

அதை நான்கு பரிமாண வடிவியலாக மாற்றியவர் ஹெர்மன் மின்கோவ்ஸ்கி. ஸூரிக்கில் ஐன்ஸ்டைனுக்குக் கணிதம் நடத்திய ஆசிரியர். 1908 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரில் ஆற்றிய உரையில், நேரத்தை விட்டுவிட்டு இடத்தை மட்டும் யாரும் கண்டதில்லை, இடத்தை விட்டுவிட்டு நேரத்தை மட்டும் கண்டவரும் இல்லை என்றார். நாம் நிகழ்வு என்பதை அவர் ‘உலகப் புள்ளி’ என்று அழைத்தார். அடுத்த ஜனவரியில், 44 வயதில், இறந்துபோனார்.

ஒரு பொருளை, ஒரு கல்லை, நிகழ்வு என்று சொல்லலாமா?

கூடாது. கல் நீடித்து இருக்கிறது; ஒவ்வொரு கணத்திலும் அதற்கு ஒரு நிகழ்வு. அவற்றையெல்லாம் கோத்தால் காலவெளியில் ஒரு கோடு கிடைக்கும். அதற்கு ‘உலகக் கோடு’ என்று பெயர். ஒரே இடத்தில் அசையாமல் கிடக்கும் கல்லுக்கும் உலகக் கோடு உண்டு, ஏனென்றால் நேரம் போய்க்கொண்டுதானே இருக்கிறது. இரண்டு கற்கள் மோதினால் இரண்டு உலகக் கோடுகள் ஒரு நிகழ்வில் வெட்டிக்கொள்கின்றன.

நான்கு எண்கள்தான் நிகழ்வு என்று எழுதிக்கொள்ளலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், இதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்கள் வேறு, நிகழ்வு வேறு.

ஒரே ஆளை ஒருத்தி அண்ணன் என்பாள், இன்னொருத்தி மாமா என்பாள். கூப்பிடும் பெயர் கூப்பிடுகிறவரைப் பொறுத்தது, ஆள் ஒருவர்தான். அப்படித்தான் இதுவும். தரையில் நிற்பவர் ஒரு நிகழ்வுக்கு நான்கு எண்கள் தருவார். வேகமாகப் போகும் ராக்கெட்டில் இருப்பவர் அதே நிகழ்வுக்கு வேறு நான்கு எண்கள் தருவார். இருவர் சொல்வதும் சரி. ஒருவர் எண்களிலிருந்து மற்றவர் எண்களைக் கணக்கிட வழி இருக்கிறது. அதுதான் லாரன்ஸ் மாற்றம்.

‘எல்லாமே சார்பானது என்று ஐன்ஸ்டைன் சொன்னார்’ என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். இரண்டு கற்கள் மோதின என்றால் எல்லோருக்கும் மோதினதுதான். எவ்வளவு வேகத்தில் பறந்தபடி பார்த்தாலும், அவை மோதாமல் விலகிப் போனதாகச் சொல்லும் குறிப்பாயம் ஒன்று இல்லவே இல்லை. எப்போது மோதின, எங்கே மோதின என்பதில்தான் எண்கள் வேறுபடும்.

எது முதலில் நடந்தது என்பதிலுமா வேறுபடும்?

சில ஜோடிகளுக்கு ஆமாம். நம்ப முடியவில்லை என்றால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

300 மீட்டர் இடைவெளியில் இரண்டு விளக்குகள். முதலில் இடது விளக்கு எரிகிறது. அரை மைக்ரோநொடி கழித்து வலது விளக்கு எரிகிறது (மைக்ரோநொடி என்பது நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). ஒளி 300 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இது தரையில் நிற்பவரின் கணக்கு.

இடமிருந்து வலமாக, ஒளியின் வேகத்தில் பாதி வேகத்தோடு ஒருவர் போகிறார். அவர் கணக்கில் இரண்டு விளக்குகளும் சரியாக ஒரே நேரத்தில் எரிகின்றன. இன்னொருவர் அதே திசையில் ஒளிவேகத்தின் 0.6 மடங்கில் போகிறார். அவருக்கு வலது விளக்குதான் முதலில். இடது விளக்கு 0.125 மைக்ரோநொடி பின்தங்குகிறது. யார் கண்ணுக்கு ஒளி எப்போது வந்து சேர்ந்தது என்பதால் வரும் மயக்கம் அல்ல இது. ஒளி வந்துசேர எடுத்த நேரத்தையெல்லாம் கழித்த பிறகும் மிஞ்சுகிற வித்தியாசம்.

அப்படியானால் காரணத்துக்கு முன்னால் விளைவு வந்துவிடுமே?

வராது. விளக்குகளின் வரிசை ஏன் மாறியது? இடது விளக்கு எரிந்த சேதியை ஒளியே சுமந்து போயிருந்தாலும், வலது விளக்கு எரிவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்காது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணமாக இருக்க வழியே இல்லை. அப்படிப்பட்ட ஜோடிகளுக்கு மட்டும்தான் முன்பின் மாறும். ஒளியோ அதைவிட மெதுவான ஏதாவதோ ஒரு நிகழ்விலிருந்து மற்றதற்குப் போய்ச்சேர முடியும் என்றால், முன்னது எல்லோருக்கும் முன்னது, பின்னது எல்லோருக்கும் பின்னது.

நேரம் மேல்நோக்கிப் போகும் ஒரு வரைபடத்தில், ஒரு நிகழ்விலிருந்து கிளம்பும் ஒளி எட்டக்கூடிய நிகழ்வுகளையெல்லாம் போட்டால் மேலே கூம்பு போல வரும்; அந்த நிகழ்வுக்கு ஒளி வந்துசேரக்கூடியவற்றைப் போட்டால் கீழே இன்னொரு கூம்பு. அதனால் ‘ஒளிக்கூம்பு’ என்று பெயர். மேல் கூம்புக்குள் இருப்பவை அந்த நிகழ்வால் பாதிக்கப்படக்கூடியவை. கீழ்க் கூம்புக்குள் இருப்பவை அதைப் பாதித்திருக்கக்கூடியவை. இரண்டுக்கும் வெளியே கிடக்கும் பகுதியை ‘வேறெங்கோ’ என்றுதான் சொல்ல முடியும், அங்கே இருப்பதோடு அந்த நிகழ்வுக்குக் கொடுக்கல் வாங்கல் இல்லை.

உண்மையான உதாரணம் ஒன்று. 2015 செப்டம்பர் 14 அன்று ஈர்ப்பலை, அதாவது காலவெளியிலேயே ஒளிவேகத்தில் பரவும் அதிர்வு, முதன்முதலாக நேரடியாக உணரப்பட்டது. அமெரிக்காவில் லிவிங்ஸ்டனில் உள்ள, ஈர்ப்பலையை உணரும் லைகோ கருவியை அது முதலில் தொட்டது, சுமார் 7 மில்லிநொடி கழித்து ஹான்ஃபோர்டில் உள்ள கருவியைத் தொட்டது. இரண்டுக்கும் இடையே சுமார் 3,000 கிலோமீட்டர். ஒளிக்கு 10 மில்லிநொடி வேலை. 7 என்பது 10-ஐவிடக் குறைவு. ஆகவே லிவிங்ஸ்டன் நிகழ்வு ஹான்ஃபோர்டு நிகழ்வுக்குக் காரணமாக இருக்க முடியாது. லிவிங்ஸ்டனிலிருந்து ஹான்ஃபோர்டு திசையில் ஒளிவேகத்தின் 0.7 மடங்கைவிட வேகமாகப் போகிறவர் ஹான்ஃபோர்டுதான் முந்தியது என்பார். அவர் சொல்வதும் செல்லும். ஆனால் இரண்டு கருந்துளைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் ஒன்றாகக் கலந்ததுதான் இரண்டுக்கும் பொதுவான காரணம் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்காது.

இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே எல்லோரும் ஒத்துக்கொள்ளும் அளவு ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. தூரம் மாறும், நேர வித்தியாசம் மாறும், ஆனால் இரண்டையும் சேர்த்துப் போடும் ஒரு கணக்கு மாறாது. தூரத்தின் வர்க்கத்திலிருந்து, அந்த நேர வித்தியாசத்தில் ஒளி போகக்கூடிய தூரத்தின் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும். நடுவில் இருப்பது கூட்டல் அல்ல, கழித்தல். சார்பியலின் விசித்திரமெல்லாம் அந்தக் கழித்தல் குறிக்குள் ஒளிந்திருக்கிறது.

விளக்குகளையே எடுத்துக்கொள்வோம். தரையில் நிற்பவருக்குத் தூரம் 300 மீட்டர், அரை மைக்ரோநொடியில் ஒளி போவது 150 மீட்டர். 90,000-இல் 22,500 போக 67,500. ஒளிவேகத்தின் 0.6 மடங்கில் போகிறவருக்கு இரு நிகழ்வுகளுக்கும் இடையே தூரம் 262.5 மீட்டர், 0.125 மைக்ரோநொடியில் ஒளி போவது 37.5 மீட்டர். வர்க்கங்களைக் கழித்துப் பாருங்கள், அதே 67,500. இதற்கு ‘இடைவெளி வர்க்கம்’ என்று பெயர். சில புத்தகங்களில் திருப்பிக் கழித்திருப்பார்கள், அப்போது குறி மட்டும் மாறும். புத்தகம் மாற்றிப் படிக்கும்போது இது கழுத்தை அறுக்கும், முதல் பக்கத்திலேயே எந்த வழக்கம் என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நான் கழித்த முறையில் விடை நேர்க்குறியாக வந்தால் அந்த இரண்டும் ஒன்றையொன்று பாதிக்க முடியாத நிகழ்வுகள். எதிர்க்குறி வந்தால் பாதிக்க முடியும். பூஜ்யம் வந்தால் ஒளியால் மட்டும் தொட்டுவிடக்கூடிய ஜோடி.

எதிர்க்குறி வரும் ஜோடிக்கு ஓர் உதாரணம்?

மியூவான். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்று மண்டலத்தின் மேலடுக்கில் மோதும்போது பிறக்கும் துகள். பிறப்பது ஒரு நிகழ்வு, தரையில் வந்து விழுவது இன்னொன்று. நம் கணக்கில் இரண்டுக்கும் நடுவே சுமார் 15 கிலோமீட்டர், 50 மைக்ரோநொடி. மியூவானின் சராசரி ஆயுளோ 2.2 மைக்ரோநொடிதான், அதற்குள் ஒளிவேகத்தில் போனாலும் 660 மீட்டரைத் தாண்டாது. எப்படித் தரைக்கு வருகிறது?

மியூவானோடு கூடவே வரும் கடிகாரத்தைக் கேளுங்கள். அதற்கு இரண்டு நிகழ்வுகளும் ஒரே இடத்தில், ‘இங்கே’, நடந்தவை. தூரம் பூஜ்யம். ஒளிவேகத்தில் 99.88 சதவீத வேகத்தில் வரும் மியூவானுக்கு நடுவில் ஓடிய நேரம் இரண்டரை மைக்ரோநொடிக்குக் கொஞ்சம் குறைவு. ஆயுளோடு ஒத்துப்போகிறது. நிகழ்வுகள் இரண்டே, எண்கள்தான் வேறு.

தொலைநோக்கியில் நான் பார்ப்பது நிகழ்வா?

நீங்கள் பார்ப்பது என்பது உங்கள் கண்ணில் ஒளி விழும் நிகழ்வு. அந்த ஒளி கிளம்பியது வேறொரு நிகழ்வு. 1987 பிப்ரவரியில், நம் பக்கத்துச் சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லானிய மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததைப் பூமியில் கண்டார்கள். தொலைவு சுமார் 1,68,000 ஒளியாண்டு. பார்த்தது 1987-இல், வெடித்தது மனிதர்கள் எழுதக் கற்பதற்கு வெகுகாலம் முன்பு.

அதே வெடிப்பில் இன்னொரு பாடமும் கிடைத்தது. ஒளி வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, எதையும் எளிதில் ஊடுருவிப் போகும் நியூட்ரினோ துகள்கள் வந்துவிட்டன. ஒளியை அவை முந்திவிடவில்லை. விண்மீனின் கரு இடிந்த உடனே அவை கிளம்பிவிட்டன. அதிர்ச்சி அலை மேற்பரப்புக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஒளி கிளம்பியது. ‘ஒரு வெடிப்பு’ என்று நாம் சுருக்கமாகச் சொன்னதற்குள் இரண்டு தனித்தனிப் புறப்பாடுகள் இருந்தன.

இதெல்லாம் நடைமுறையில் எங்காவது பயன்படுகிறதா?

கைப்பேசியில் இருக்கும் ஜிபிஎஸ் செய்வதே இதைத்தான். ஒவ்வொரு செயற்கைக்கோளும் ‘இந்த நேரத்தில் இந்த இடத்திலிருந்து அனுப்புகிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறது. அது ஒரு நிகழ்வின் முகவரி. அந்தச் சேதி ரேடியோ அலையாக, ஒளிவேகத்தில் வருகிறது. ஆகவே அதை வாங்கும் கைப்பேசி அந்த நிகழ்வின் ஒளிக்கூம்பின் மேல்தான் இருந்தாக வேண்டும். நான்கு செயற்கைக்கோள்கள், நான்கு கூம்புகள், அவை வெட்டும் இடத்தில் நீங்கள்.

இடத்தைக் கண்டுபிடிக்க மூன்று போதாதா, ஏன் நான்கு என்று பலர் கேட்பார்கள். கைப்பேசியின் கடிகாரம் அவ்வளவு துல்லியமானது அல்ல. ஒரு மைக்ரோநொடி பிசகினால் 300 மீட்டர் தள்ளிப்போகும். எனவே நேரத்தையும் சேர்த்தே கண்டுபிடிக்க வேண்டும். தெரியாத எண்கள் நான்கு. அதாவது ஜிபிஎஸ் தேடுவது உங்கள் இடத்தை அல்ல, உங்கள் நிகழ்வை.

தொலைதூரத்தில் ‘இப்போது’ என்ன நடக்கிறது என்று கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் யாருடைய ‘இப்போது’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆண்ட்ரொமெடா விண்மீன் மண்டலம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் அதை நோக்கிச் சாதாரண நடையில் அவரைக் கடந்து போகிறார். அந்தக் கணத்தில் இருவருடைய ‘இப்போது’களும் ஆண்ட்ரொமெடாவில் நான்கு நாளுக்கு மேல் விலகி நிற்கும். அங்கே நடப்பது எதுவும் இன்னும் 25 லட்சம் ஆண்டுக்கு நம்மை எட்டப்போவதில்லை என்பதால் இதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

கருந்துளையின் ‘நிகழ்வெல்லை’யில் வரும் நிகழ்வு இதேதானா?

இதேதான். அந்த எல்லைக்கு உள்ளே இருக்கும் எந்த நிகழ்விலிருந்தும் வெளியே தொலைவில் இருப்பவருக்கு ஒருபோதும் சேதி வராது. அங்கே நிகழ்வுகளே இரண்டு வகையாகப் பிரிகின்றன, எட்டக்கூடியவை, எட்டவே முடியாதவை. இயற்பியலாளர் வுல்ஃப்காங் ரிண்ட்லர் 1956-இல் இந்தப் பெயரைக் கொண்டுவந்தார். பலர் அதை ஒரு சுவர் போலக் கற்பனை செய்துகொள்கிறார்கள். பெரிய கருந்துளையில் அதைத் தாண்டுகிறவருக்கு அந்த இடத்தில் விசேஷமாக எதுவும் தெரியாது.

பிரபஞ்சத்தின் தொடக்கமாகச் சொல்லப்படும் பெருவெடிப்பு ஒரு நிகழ்வா?

கண்டிப்பாகப் பார்த்தால் இல்லை. சுமார் 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் என்று பின்னோக்கிப் போனால், பூஜ்ய நேரத்தில் பொதுச் சார்பியலின் கணக்கு உடைந்துவிடுகிறது. அந்த ‘பூஜ்யம்’ காலவெளிக்குள் இருக்கும் ஒரு புள்ளி அல்ல, காலவெளியின் ஓரம். ‘எந்த இடத்தில் வெடித்தது’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காததும் இதனால்தான். இதைவிட அடியில் என்ன என்பதற்கு ஈர்ப்பையும் குவாண்டத்தையும் சேர்த்த கோட்பாடு வேண்டும், அது இன்னும் நம் கையில் இல்லை.

ஐரோப்பாவின் துகள் ஆய்வுக்கூடமான செர்ன் பற்றிய செய்திகளிலும் ‘நிகழ்வு’ என்று வருகிறதே?

அது வேறு. துகள் இயற்பியலில் ஒரு மோதலையும் அதிலிருந்து சிதறியவற்றின் பதிவையும் மொத்தமாக நிகழ்வு என்பார்கள். நிகழ்தகவுக் கணிதத்தில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருள். பகடையில் இரட்டைப்படை விழுவது அங்கே ஒரு நிகழ்வு. மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

நான் இப்போது இங்கே இருப்பது ஒரு நிகழ்வா?

கொஞ்சம் பருமனான நிகழ்வு. உங்கள் தலையிலிருந்து பாதத்துக்குப் போக ஒளிக்கு ஐந்தாறு நானோநொடி (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) ஆகும், அதனால் உங்கள் ‘இங்கே’ ஒரு புள்ளி அல்ல. ‘இப்போது’ இன்னும் மோசம். பார்த்ததை மூளை உணர்ந்துகொள்ள ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால், அதற்குள் ஒளி 30,000 கிலோமீட்டர் போயிருக்கும். பூமியின் விட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.